ராத்போன் அமர்ந்திருந்த இடம்

1946 ஜனவரி 2ஆம் தேதி லண்டனில் எலினார் ராத்போன் காலமானார். வயது 73. எந்தக் கட்சியிலும் சேராமல், பதினாறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சுயேச்சை உறுப்பினராக இருந்தவர். அவருடைய இடத்தை நிரப்ப அந்த ஆண்டு மார்ச் மாதம் ஓர் இடைத்தேர்தல் நடந்தது. அந்தத் தேர்தலுக்கு வாக்குச்சாவடி கிடையாது. வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கு வரும், நிரப்பித் தபாலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். தொகுதிக்கு ஊர் கிடையாது, எல்லைக்கோடு கிடையாது. வாக்காளர்கள் எல்லோரும் பட்டதாரிகள். தொகுதியின் பெயர் ‘ஒருங்கிணைந்த ஆங்கிலப் பல்கலைக்கழகங்கள்’.

இதை வகுப்பில் சொன்னபோது என் மாணவிகள் சிரித்தார்கள். “யூனிவர்சிட்டிக்கு எம்.பி.யா மேடம்?” என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம், பல்கலைக்கழகத்துக்கு எம்.பி. நம் ஊரிலும் அப்படி ஒரு தொகுதி இருந்தது என்று நான் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

1603இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் தனித்தனியே நாடாளுமன்ற இடங்களைக் கொடுத்தார். படித்த ஆண்கள் தங்கள் கல்லூரிக்காக ஒரு வாக்கும், வீடிருக்கும் ஊருக்காக இன்னொரு வாக்கும் போட்டார்கள். ஒரு மனிதனுக்கு இரண்டு வாக்கு. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த ஏற்பாட்டில் ஒரு பெண்கூட இல்லை. 1918இல் பிரிட்டனில் முப்பது வயது நிரம்பிய, சில தகுதிகள் உடைய பெண்களுக்கு வாக்குரிமை வந்தபோது இந்தப் பல்கலைக்கழக வாக்கும் சேர்ந்து வந்தது. அதே சட்டம்தான் லிவர்பூல், மான்செஸ்டர், லீட்ஸ், பர்மிங்ஹாம், டர்ஹாம், ஷெஃபீல்ட், பிரிஸ்டல் ஆகிய புதிய பல்கலைக்கழகங்களை ஒன்றாகக் கட்டி இரண்டு உறுப்பினர்கள் கொண்ட ஒரு தொகுதியை உண்டாக்கியது.

அந்தச் சட்டத்தில் ஒரு விநோதம் உண்டு. கேம்பிரிட்ஜ் அன்று பெண்களுக்குப் பட்டம் கொடுப்பதில்லை. படிக்கலாம், தேர்வெழுதலாம், முதல் வகுப்பில் தேறலாம், ஆனால் பட்டதாரி ஆக முடியாது. ஆணாக இருந்திருந்தால் பட்டம் கிடைத்திருக்கும் என்ற அளவுக்குத் தேறிய பெண்களுக்கும் பல்கலைக்கழக வாக்கு உண்டு என்று சட்டம் எழுதியது. ஆக, தனக்குப் பட்டம் தர மறுத்த பல்கலைக்கழகத்தின் சார்பில் யார் நாடாளுமன்றத்துக்குப் போவது என்பதை ஒரு பெண் தீர்மானிக்கலாம். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948இல்.

ராத்போனும் அப்படிப் பட்டம் மறுக்கப்பட்டவர்தான். லிவர்பூலின் பெரிய வணிகக் குடும்பத்தில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டின் சோமர்வில் கல்லூரியில் கிரேக்கமும் லத்தீனும் தத்துவமும் படித்தார். ஆக்ஸ்ஃபோர்டு அவருக்குப் பட்டம் தரவில்லை. 1904 முதல் 1907 வரை டப்ளினின் டிரினிட்டி கல்லூரி ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் தேறிய பெண்கள் அங்கே வந்து தங்கள் தேர்ச்சியைக் காட்டிப் பட்டம் வாங்கிக்கொள்ளலாம். கடல் கடந்து கப்பலில் போய்ப் பட்டத்தை வாங்கி வந்தார்கள். அந்தப் பெண்களுக்கு ‘நீராவிக்கப்பல் சீமாட்டிகள்’ என்றே பெயர் வந்துவிட்டது. கேலியாக வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும். எனக்கென்னவோ பிடித்திருக்கிறது.

1909இல் லிவர்பூல் நகரசபைக்குள் போனார். 1922இல் அதே நகரத்தின் ஒரு சாதாரணத் தொகுதியில் நாடாளுமன்றத்துக்கு நின்று தோற்றார். 1929இல் ஒருங்கிணைந்த ஆங்கிலப் பல்கலைக்கழகங்களின் தொகுதியில் நின்று வென்றார். பிறகு தோற்கவே இல்லை. கட்சியும் கணவனும் இல்லாத ஒரு பெண்ணுக்கு நாடாளுமன்றத்துக்குள் நுழைய அன்று திறந்திருந்த வாசல் அது. பள்ளி ஆசிரியைகளும் பெண் மருத்துவர்களும் சமூகப் பணியாளர்களும் தங்கள் வீட்டு மேசையிலிருந்தே வாக்களித்தார்கள். மேட்டுக்குடிச் சலுகை என்று நான் தயக்கமின்றிச் சொல்லக்கூடிய ஒரு அமைப்பு, இப்படி ஒரு பெண்ணை உள்ளே விட்டது. இந்த முரண்பாட்டோடுதான் அவரைப் படிக்க வேண்டியிருக்கிறது.

உள்ளே போய் அவர் என்ன செய்தார்?

முதல் உலகப்போரில் படைவீரர்களின் மனைவிகளுக்கு அரசாங்கம் ஒரு தொகை கொடுத்தது. லிவர்பூலில் அந்த வேலையைப் பார்த்தபோது ராத்போன் ஒன்றைக் கவனித்தார். கணவன் போர்முனையில் இருக்க, பணம் நேராகப் பெண்ணின் கைக்கு வந்த வீடுகளில் பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். அதிலிருந்து அவர் ஒரு கேள்விக்குப் போனார். ஆணுக்குக் கொடுக்கும் கூலிக்குள் மனைவியும் பிள்ளைகளும் அடக்கம் என்று முதலாளியும் தொழிற்சங்கமும் ஒரே குரலில் சொல்கிறார்கள். ஐந்து பிள்ளை உள்ளவனுக்கும் ஒன்றுமில்லாதவனுக்கும் ஒரே கூலி. அப்படியானால் பிள்ளை வளர்க்கும் உழைப்புக்கு யார் கூலி தருவது? 1924இல் அவர் எழுதிய நூலுக்கு ‘உரிமை பறிக்கப்பட்ட குடும்பம்’ என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். தாய்க்கு நேரடியாக அரசு பணம் தர வேண்டும் என்பதே அதன் சாரம். தொழிற்சங்கத்து ஆண்கள் கொதித்தார்கள். அதைக் காரணம் காட்டித் தங்கள் கூலியைக் குறைத்துவிடுவார்கள் என்பது அவர்கள் பயம். அது முழுக்க வீண் பயமும் அல்ல.

இருபது ஆண்டுகள் கழித்து, 1945இல், குடும்ப உதவித்தொகை மசோதா வந்தது. இரண்டாவது பிள்ளையிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 5 ஷில்லிங். ஆனால் பணத்தைத் தந்தையிடம் கொடுக்க வேண்டும் என்று மசோதா சொன்னது. தன் வாழ்நாள் உழைப்பின் கனியாக வந்த அந்த மசோதாவுக்கு எதிராகவே வாக்களிப்பேன் என்று ராத்போன் மன்றத்தில் எழுந்து நின்றார். அரசு இறங்கி வந்தது, ‘தாயிடம்’ என்று சொல் மாறியது. முதல் தவணை 1946 ஆகஸ்டில் தாய்மார்களின் கைக்குப் போனபோது அவர் உயிரோடு இல்லை.

இப்படிப்பட்டவர் விட்டுப்போன இடத்துக்குத்தான் மார்ச் மாத இடைத்தேர்தல். மேரி ஸ்டாக்ஸ் சுயேச்சையாக நின்றார். பொருளாதாரம் படித்தவர், லண்டன் வெஸ்ட்ஃபீல்ட் பெண்கள் கல்லூரியின் முதல்வர், ராத்போனின் நீண்ட காலத் தோழி. மான்செஸ்டரில் தொழிலாளர் குடும்பத்துப் பெண்களுக்காகக் கருத்தடை ஆலோசனை மையம் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த நாளில் அது ஊரே தூற்றிய காரியம். ராத்போனின் இடத்தில் ராத்போனின் வழியில் நடக்கும் ஒருவர், அதுவும் ஒரு பெண் என்று பலர் எதிர்பார்த்தார்கள். எதிரே கன்சர்வேடிவ் கட்சியின் ஹென்றி ஸ்ட்ராஸ், முந்தைய ஆண்டு நார்விச் தொகுதியில் தோற்றவர். இவர்களோடு மான்செஸ்டரின் முன்னாள் மேயர் எர்னஸ்ட் சைமன் உட்பட வேறு சிலரும் நின்றார்கள்.

இந்தத் தொகுதியில் பொதுத்தேர்தல் நடக்கும்போது வாக்காளர் வேட்பாளர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துவார். தோற்பவரின் வாக்கு அடுத்தவருக்குப் போகும். இடைத்தேர்தலில் ஒரே இடம் என்பதால் அந்த முறை இல்லை, அதிக வாக்கு பெற்றவர் வெற்றி. அதனால் கட்சி சாராத வாக்குகள் சுயேச்சைகளுக்கிடையே சிதறின. ஸ்டாக்ஸ் சில நூறு வாக்குகளில் தோற்றார். ராத்போன் அமர்ந்திருந்த இடத்தில் ஸ்ட்ராஸ் அமர்ந்தார். முந்தைய ஆண்டு லண்டன் பல்கலைக்கழகத் தொகுதியிலும் ஸ்டாக்ஸ் சொற்ப வாக்குகளில் தோற்றிருந்தார். நாடாளுமன்றம் கிடைக்காத அவர் உட்கார்ந்து ராத்போனின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார், அது 1949இல் வந்தது. அதற்குள் பல்கலைக்கழகத் தொகுதிகளையே ஒழிக்கும் சட்டம் 1948இல் நிறைவேறிவிட்டது. ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற கொள்கைக்கு முன்னால் பட்டதாரியின் இரண்டாவது வாக்கு நிற்க முடியவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்தச் சில நூறு வாக்குகளை நினைத்தால் மனம் கொஞ்சம் அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது.

இதுவரை இங்கிலாந்துக் கதை. காஞ்சிபுரத்தில் உட்கார்ந்து இதை நான் ஏன் எழுத வேண்டும் என்றால், ராத்போன் நம்மை விட்டுவைக்கவில்லை என்பதால்தான்.

1927இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் காத்தரின் மேயோ இந்தியாவைப் பற்றி எழுதிய ‘மதர் இந்தியா’ வெளிவந்தது. குழந்தைமணமும் பிரசவ மரணமும் நிறைந்த ஒரு நரகத்தை வரைந்து, இவர்களா தங்களைத் தாங்களே ஆளப்போகிறார்கள் என்று கேட்ட புத்தகம். அதைப் படித்துவிட்டு ராத்போன் அதிர்ந்து போனார். மேயோவைப் போல வெறுப்பிலிருந்து அல்ல, தன் நாட்டு ஆட்சியின் கீழ் இது நடக்கிறதே என்ற குற்றவுணர்விலிருந்து. 1929 அக்டோபரில் லண்டன் காக்ஸ்டன் அரங்கில் இந்தியப் பெண்களின் நிலை பற்றி மாநாடு கூட்டினார். மேடையில் பேச அழைக்கப்பட்டவர்கள் எல்லோரும் பிரிட்டிஷார்.

அரங்கத்தில் தன்வந்தி ராமராவ் இருந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்று ராணி மேரி கல்லூரியில் கற்பித்தவர். அவர் எழுந்து ஆட்சேபித்தார். எங்கள் நாட்டின் சமூகத் தீமைகளைப் பற்றி, அந்த நாட்டையே பார்க்காதவர்கள் பலர் மேடையேறிப் பேச உங்களுக்கு என்ன உரிமை? அந்தத் தீமைகளை எதிர்த்து நாங்கள் ஏற்கெனவே போராடிக்கொண்டிருக்கிறோமே? குழந்தைமணத் தடைக்கான சாரதா சட்டம் நிறைவேறிச் சில நாட்களே ஆகியிருந்தன. பெண்ணுக்குக் குறைந்தபட்சத் திருமண வயது 14 என்று சொன்ன அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இந்தியப் பெண்கள் அமைப்புகளின் உழைப்பு இருந்தது. பல்கலைக்கழகங்களின் எம்.பி.யை ஒரு சென்னைப் பட்டதாரி கேள்வி கேட்ட அந்த நிமிடம் நம் பாடப்புத்தகங்களில் இல்லை. வைத்தால் நன்றாக இருக்கும். அதே தன்வந்தி பின்னாளில் இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார் என்பதையும் சேர்த்து வைக்கலாம். மேரி ஸ்டாக்ஸும் அவரும் வேறு வேறு ஊர்களில் ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள்.

பெரிய மோதல் வாக்குரிமையில் வந்தது. 1921இலேயே சென்னைச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை தந்துவிட்டது. இந்திய மாகாணங்களில் முதலாவது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் சொத்தும் வரியும் வாக்குக்குத் தகுதி என்றிருந்த நாளில் சொந்தப் பெயரில் சொத்து வைத்திருந்த பெண்கள் எத்தனை பேர்? இந்தியப் பெண்கள் அமைப்புகள் 1931இல் கூடித் தெளிவாகக் கேட்டன: வயது வந்த எல்லோருக்கும் வாக்கு. தனி ஒதுக்கீடு வேண்டாம், சலுகை வேண்டாம். ராத்போன் இது கிடைக்காது என்று நினைத்தார். 1932இல் இந்தியா வந்து பார்த்தவர், நடைமுறைக்கு ஏற்றதாக ஒரு வழியைப் பிடித்துக்கொண்டார். சொத்துள்ள ஆணின் மனைவிக்கும் விதவைக்கும் வாக்கு கொடுப்பது. 1933இல் நம் முத்துலட்சுமி ரெட்டியும், அம்ரித் கௌரும், ஷரீஃபா ஹமீத் அலியும் லண்டன் போய் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார்கள். மனைவி என்பது எப்படித் தகுதியாகும் என்பதுதான் இந்திய அமைப்புகளின் கேள்வி. 1935 சட்டம் மனைவித் தகுதியை ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழ 60 லட்சம் பெண்கள் வாக்காளர் ஆனார்கள். எண்ணிக்கை பெரிதுதான்.

அந்த எண்ணிக்கைக்குள் யார் இல்லை என்று பாருங்கள். மணமாகாத பெண் இல்லை. அவளுக்கெனச் சொத்தோ எழுத்தறிவோ இருந்தால்தான் உண்டு. சொத்தில்லாத நெசவாளியின் மனைவி இல்லை. காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு எனக்கு உடனே நினைவுக்கு வருவது தேவதாசிப் பெண்கள். தனக்கோடி அம்மாள் பாடிய ஊர் இது. தன் பெயரில் வீடோ மானிய நிலமோ வைத்திருந்த ஒரு தேவதாசிக்குச் சொத்துத் தகுதியின்படி வாக்கு கிடைத்திருக்க முடியும். மனைவித் தகுதி அவளைத் தொடவே தொடாது. அவள் யாருக்கும் மனைவி அல்ல. இங்கிலாந்தில் கணவனின் கூலியிலிருந்து பெண்ணைப் பிரித்தெடுக்க இருபது ஆண்டுகள் போராடியவர், இந்தியாவில் அவளைக் கணவனின் சொத்தோடு கட்டிவிட்டார். இரண்டிடத்திலும் பெண் குடும்பத்தின் வழியாகத்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்தாள் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே தாய், இங்கே மனைவி.

அந்தக் கட்டு எவ்வளவு இறுக்கமானது என்பது சுதந்திரத்துக்குப் பிறகு தெரிந்தது. 1951-52 முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுத்தபோது, முக்கியமாக வட மாநிலங்களில், பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்றே பதிவானார்கள். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் சொந்தப் பெயர் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

இனிச் சென்னைப் பல்கலைக்கழகத் தொகுதிக்கு வருகிறேன். 1919 சீர்திருத்தச் சட்டத்தின்படி சென்னைச் சட்டமன்றத்தில் பல்கலைக்கழகத்துக்கு ஓர் இடம் இருந்தது. செனட் உறுப்பினர்களும், பட்டம் பெற்று ஏழு ஆண்டுகளைத் தாண்டியவர்களும் வாக்காளர்கள். 1920களில் அந்த இடத்தில் இருந்தவர் எஸ். சத்தியமூர்த்தி. அதே மன்றத்தில் நியமன உறுப்பினராக வந்தவர் முத்துலட்சுமி ரெட்டி, துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறைக்கு எதிராக அவர் சட்டம் கொண்டுவந்தபோது சத்தியமூர்த்தி எதிர்த்தார். அந்த விவாதத்தில் முத்துலட்சுமி சொன்னதாக மேடைக்கு மேடை உலவும் வசனம் ஒன்று உண்டு. கைதட்டல் வாங்கும் வசனம்தான். அதை நான் இங்கே எழுதவில்லை. அவர் செய்த வேலை அந்த ஒற்றை வரியைவிடப் பெரிது. எனக்கு உறைப்பது வேறொன்று. படித்தவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர் ஒரு பக்கம். யாரும் தேர்ந்தெடுக்காமல் நியமனத்தில் வந்த, அதே பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற பெண் மறுபக்கம். நம் பட்டதாரிகளின் தொகுதி ஒரு ராத்போனை அனுப்பவில்லை.

1937 தேர்தலில் சத்தியமூர்த்தி அந்த இடத்தை ராஜாஜிக்கு விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. ராஜாஜி பல்கலைக்கழகத் தொகுதியிலிருந்துதான் மன்றத்துக்குள் போனார், ஜூலையில் பிரதமர் ஆனார். முதலமைச்சரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள். அடுத்த ஆண்டு பள்ளிகளில் இந்தி கட்டாயமானது. 1938 பிப்ரவரியில் காஞ்சிபுரத்தில் இந்தி எதிர்ப்பு மாநாடு கூடியது. நவம்பர் 13இல் சென்னையில் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு. ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்ற பெயரைப் பெண்கள் கொடுத்தது அங்கேதான். மறுநாள் மறியல் செய்து தர்மாம்பாள், மூவலூர் இராமாமிர்தம், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள், சீதம்மாள் ஆகியோர் சிறைக்குப் போனார்கள். தேவதாசிக் குடும்பத்தில் வளர்ந்து, அந்த முறையை எதிர்த்து நாவல் எழுதிய இராமாமிர்தம், அதற்கு முன்பே திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த தமிழர் படையில் ஒரே பெண்ணாக நடந்திருந்தார். பட்டதாரிகளின் வாக்கில் ஆட்சிக்கு வந்த ஒருவரைப் பட்டமில்லாத ஒரு பெண் நடந்துபோய்க் கேள்வி கேட்டார்.

சுதந்திர இந்தியாவின் அரசமைப்பு எல்லோருக்கும் வாக்கைக் கொடுத்துவிட்டு, பட்டதாரித் தொகுதியையும் முழுதாகக் கைவிடவில்லை. 171ஆம் பிரிவின்படி சட்ட மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கு பட்டதாரிகளுக்கு, இன்னொரு பன்னிரண்டில் ஒரு பங்கு ஆசிரியர்களுக்கு. அதுவும் உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத ஆசிரியர்கள். ஒண்ணாம் வகுப்புக்கு ‘அ, ஆ’ சொல்லித்தரும் டீச்சர் அதில் சேரமாட்டார். தமிழ்நாட்டில் மேலவை 1986 நவம்பரோடு ஒழிந்தது. நடிகை வெண்ணிற ஆடை நிர்மலாவை நியமிக்கப்போய், அவர் கடன் தீர்க்க இயலாதவராக அறிவிக்கப்பட்டிருந்தது வெளிவந்த சர்ச்சைதான் உடனடிக் காரணம். மேலவையின் வரலாறு என்று யார் எழுதினாலும் கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் பெயர் ஒரு நகைச்சுவைத் துணுக்கு போல வந்துவிடுகிறது. அவரை நியமிக்க முடிவெடுத்தவர்களும், அவையையே கலைக்க முடிவெடுத்தவர்களும் ஆண்கள்.

2010இல் மேலவையைத் திரும்பக் கொண்டுவரச் சட்டம் வந்து, பட்டதாரி வாக்காளர் பட்டியல் தயாரானது. நானும் பட்டச் சான்றிதழின் நகலோடு விண்ணப்பம் கொடுத்தேன். ‘தந்தை அல்லது தாய் அல்லது கணவர் பெயர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. முனைவர் பட்டம் வரை படித்தவள் நான் யாருடையவள் என்று எழுதினால்தான் பட்டதாரி. தேர்தல் நடக்கவில்லை, 2011இல் ஆட்சி மாறியதும் மேலவைத் திட்டம் கைவிடப்பட்டது.

ராத்போனின் இன்னொரு பாதி காஞ்சிபுரத்துக்கு வந்துசேர எழுபத்தேழு ஆண்டுகள் ஆயின. 2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். அவர் பிறந்த இந்த ஊரில்தான் கலைஞர் மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய், ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு. ‘உதவி’ என்று வைக்காமல் ‘உரிமை’ என்று வைத்ததில் ஒரு கொள்கை இருக்கிறது. பெண்ணின் வீட்டு உழைப்புக்கு அரசு தரும் அங்கீகாரம் என்று அதைச் சொன்னார்கள். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று நிபந்தனைகளும் உண்டு. ஆயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஏளனம் பேசியவர்கள் அதிகம் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். குழித்தறியில் ஆண் உட்கார்ந்திருப்பார். விடியலில் தார் சுற்றியது யார்? அறுந்த இழையைப் பிணைத்தது யார்? கோர்வைச் சேலையில் கரைக்கு எதிர்ப்பக்கம் நாடா தள்ளியது யார்? கூலி சேலைக் கணக்கில் வருகிறது, ஒரு பெயரில் வருகிறது. பெண்களே நெய்யும் தறிகளும் இந்த ஊரில் உண்டு, அங்கும் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. ராத்போன் 1924இல் கேட்டது இந்தக் கேள்விதான்: அந்த ஒற்றைக் கூலிக்குள் எத்தனை பேரின் உழைப்பு அடக்கம்?

என் வகுப்பில் இருக்கும் பெண்களில் பாதிக்கு மேல் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அது முன்பு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டம். 2022இல் கல்யாணத்துக்கு என்றிருந்த பணத்தைப் படிப்புக்கு என்று மாற்றினார்கள். திட்டங்களில் நடந்த மாற்றங்களில் இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தாயிடமா தந்தையிடமா என்று 1945இல் நடந்த சண்டையைச் சொல்லி முடித்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி சொன்னாள்: “எங்க வீட்டுல அம்மா அக்கவுண்டுலதான் மேடம் வருது. ஏ.டி.எம். கார்டு அப்பாகிட்ட இருக்கு.” பக்கத்திலிருந்தவள், “எங்கம்மா பின் நம்பர மாத்திட்டாங்க” என்றாள். வகுப்பு அதற்குப் பிறகு அடங்கவில்லை. யார் வீட்டில் கார்டு யாரிடம் இருக்கிறது என்று கையைத் தூக்கச் சொல்லி எண்ணத் தொடங்கினார்கள். மணி அடித்தும் எண்ணி முடியவில்லை.